கந்தையும் காந்தாவும்: வங்கச் சரத்காலத்தின் சிக்கனக் கணக்கு

தமிழில் வழங்கும் கந்தை என்ற சொல்லும் வங்க மொழியில் வழங்கும் காந்தா என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி கந்தையை வடமொழி வழிவந்த சொல்லாகக் குறிக்கிறது. காந்தாவுக்கும் மூலம் அதே வடசொல்தான். ஆனால் இரண்டும் சென்று சேர்ந்த இடங்கள் வேறு. தமிழில் கந்தை கிழிந்த துணியாகவே நின்றுவிட்டது. அதைக் கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழியிலும் பேசப்படுவது வறுமைக்குள் காக்கப்படும் மானமே. வங்கத்திலோ அச்சொல் பழைய புடைவைகளையும் வேட்டிகளையும் அடுக்கித் தைத்த விரிப்புக்குப் பெயராயிற்று. பூவேலை ஏறி ‘நக்ஷி காந்தா’ ஆயிற்று. 20ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியா வரை பயணம் செய்து அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்தது. இந்தப் பயணத்தைக் கலை வரலாறு விரிவாகவே எழுதியிருக்கிறது. அது குறைவாகவே எழுதியது அந்தத் துணி எந்தப் பருவத்தின், எந்த அடுப்பின், எந்தக் கூட்டத்தின் பகுதியாக இருந்தது என்பதை.

பருவத்திலிருந்து தொடங்குவதே முறை. ‘இலையுதிர்காலம்’ என்ற மொழிபெயர்ப்புச் சொல் வங்கத்துக்குப் பொருந்தாது. அங்கே அப்போது இலை எதுவும் உதிர்வதில்லை. பாத்ரம், ஆசுவினம் ஆகிய இரு மாதங்களும் சரத்காலம். தமிழ்க் கணக்கில் ஆவணியும் புரட்டாசியும். மழை ஓய்ந்து வானம் வெளுக்கும். ஆற்றங்கரையில் நாணல் வெண்மையாகப் பூக்கும். விடியலில் முற்றத்தில் பவளமல்லி உதிர்ந்து கிடக்கும். வங்கக் கவிதையும் திரைப்படமும் விளம்பரமும் இந்த மூன்றையும் சலிக்காமல் பயன்படுத்தி வந்துள்ளன. ஆனால் நாணலுக்கு அப்பால் வயலில் நின்ற பயிரைப் பார்த்தால் வேறொரு படம் கிடைக்கும். வங்கத்தின் முதன்மை நெல்லான ஆமன் அப்போது இன்னும் பச்சையாக நிற்கிறது. அதன் அறுவடை அக்ரஹாயணத்தில், அதாவது கார்த்திகையை ஒட்டித்தான் தொடங்கும். பாத்ரத்தில் வரும் ஆவுஷ் நெல் விளைச்சலில் குறைந்தது. கிழக்கு வங்கத்தில் சணல் பயிரிட்டவர்கள் கையில் அந்நாளில் கொஞ்சம் காசு புழங்கியதுண்டு. அதுவும் பெரும்பாலும் கடனுக்கே போனது. வடவங்கத்தில் ஆசுவினத்தை அடுத்துவரும் கார்த்திக மாதத்துக்கு ‘மரா கார்த்திக்’, அதாவது செத்த கார்த்திகம் என்றே பெயர். குதிர் காலியாகும் காலம் அது.

பொங்கல் நெல் வீடு வந்தபின் கொண்டாடப்படுவது. துர்கா பூசையோ நெல் வருவதற்கு முன்னால் வருவது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால், வங்கச் சரத்காலத்தின் அன்றாட இன்பங்களில் சிக்கனம் ஏன் இவ்வளவு ஆழமாக ஊடுருவியிருக்கிறது என்பது விளங்கும். ஜமீன்தார் வீட்டுப் பூசையின் ஆடம்பரம் தனி வரலாறு. அதைச் சுற்றியிருந்த சாதாரண வீடுகள், பழசையும் மீந்ததையும் காசில்லாமல் கிடைத்ததையும் கொண்டே தங்கள் பருவத்தை அமைத்துக்கொண்டன.

முதலில் துணி. பூசைக்குப் புதுத்துணி எடுப்பது வங்க வீடுகளில் ஏறக்குறையக் கடமை. குழந்தைகள், மருமக்கள், வேலையாள்கள் என வரிசை நீளும். மகளின் புகுந்த வீட்டுக்கும் அனுப்பியாக வேண்டும். புதியது ஒன்று உள்ளே வரும்போது பழையது ஒன்று அன்றாடப் பயன்பாட்டிலிருந்து விலகும். பலமுறை துவைத்து மென்மையான வேட்டியும் புடைவையும் பெட்டியின் அடியில் சேரும். பௌஷ மாதக் குளிர் வருவதற்குள் அவை போர்வையாக வேண்டும். காந்தாவின் தொழில்நுட்பம் முழுவதும் இந்தப் பழமையை நம்பியே நிற்கிறது. புதுத்துணியில் இருக்கும் விறைப்பு, பல அடுக்குகள் ஒன்றோடொன்று படிவதைத் தடுக்கும். நைந்த பருத்தியோ படியும், ஊசிக்கு இடம் கொடுக்கும், உடம்புக்கு இதமாக இருக்கும். மூன்று முதல் ஏழு அடுக்கு வரை விரித்து, மூலைகளை இழுத்துப் பிடித்து, முதலில் நீளத்தையல் போட்டு நிறுத்துவார்கள். பெரிய விரிப்புக்கு இந்தக் கட்டத்தில் ஒருத்தியின் கை போதாது. அண்டை வீட்டார் வரவேண்டும். அதன்பின் நடக்கும் பூவேலை தனியாகவும் நடக்கும், மாதக்கணக்கில். சிலவற்றைத் தாய் தொடங்கி மகள் முடித்ததும் உண்டு.

நூலும் விலைக்கு வாங்கியதன்று. புடைவையின் வண்ணக் கரையைப் பிரித்து இழை உருவுவார்கள். பழைய காந்தாக்களில் சிவப்பும் நீலமும் கறுப்பும் மேலோங்கி நிற்பதற்குக் காரணம் தேடி வண்ணக் குறியியலுக்குள் நுழைந்த கட்டுரைகள் உண்டு. அந்நாளைய புடைவைக் கரைகள் பெரும்பாலும் அந்த நிறங்களில் இருந்தன என்பதே முதல் விடை. நடுவே தாமரை, நான்கு மூலையிலும் மாங்காய் வடிவம், இடையில் ஆற்றுப் படகு, யானை, தேர், பல்லக்கு, அரிவாள்மணை, சீப்பு, பாக்குவெட்டி. கண்ணாடியைச் சுற்றி வைக்க ஆர்ஷிலதா, புத்தகம் பொதிய பைதன், உட்கார ஆசன், படுக்கையில் விரிக்கச் சுஜனி, போர்த்திக்கொள்ள லேப் எனப் பயனுக்கேற்பப் பெயர்களும் பல. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல் பழந்துணிக் காந்தாவில் கிடத்துவது வழக்கம். கந்தை கண்ணேறு கழிக்கும் என்பது நம்பிக்கை; மெல்லிய தோலை அது உறுத்தாது என்பது அனுபவம்.

அடுத்தது அடுப்பு. பாத்ரத்தின் கடைசி நாளில் மேற்கு வங்க வீடுகள் பலவற்றில் ‘அரந்தன்’. முந்தின இரவே சோறும் கூட்டும் பொரியலும் ஆக்கி வைத்துவிட்டு, மறுநாள் அடுப்பு மூட்டாமல், நீர் ஊற்றிய சோற்றோடு உண்பார்கள். அன்று அடுப்புக்கு ஓய்வு. அதை மூட்டும் பெண்ணுக்கும் ஓய்வு. ஆசுவினத்தின் கடைசி நாளில் கிழக்கு வங்க வீடுகளில் ‘காரு சங்கராந்தி’. ஆசுவினத்தில் சமைத்துக் கார்த்திகத்தில் உண்பது என்று அதைச் சொல்வார்கள். ஒரே இரவுதான் இடைவெளி, ஆனாலும் மாதம் மாறிவிடுகிறது. எண்ணெயும் தாளிப்பும் இல்லாத பருப்பில் சேப்பங்கிழங்கு, வாழைக்காய், அல்லித்தண்டு எனக் கிடைத்ததெல்லாம் போட்டு வேகவைப்பது அதன் முக்கிய உணவு. காளி பூசைக்கு முந்தின நாளில் பதினான்கு வகைக் கீரை. 16ஆம் நூற்றாண்டில் நவத்வீபத்தில் வாழ்ந்த தரும நூலாசிரியர் ரகுநந்தனர் பெயரால் வழங்கும் பட்டியலில் வேம்பு, கடுகு இலை, சேனை இலை, சக்கரவர்த்திக் கீரை, பொன்னாங்கண்ணி, ஆரைக்கீரை, சீந்தில் முதலியவை இருக்கின்றன. தமிழ்நாட்டுக் கிராமத்துப் பாட்டி ஒருத்தி அந்தப் பட்டியலைக் கேட்டால் பாதிக்குமேல் அடையாளம் கண்டுகொள்வார். இவற்றுள் பெரும்பாலானவை வரப்பிலும் குட்டைக்கரையிலும் வேலியிலும் தாமே முளைப்பவை. நெல் இல்லாத மாதத்தில் காசில்லாமல் கிடைக்கும் பச்சையைச் சாத்திரம் கடமையாக்கியிருக்கிறது. கடமையான பின் அதைப் பறித்துத் தின்பதில் இழிவு இல்லை.

பூசை முடிந்த தசமிக்குப் பின் வரும் ‘விஜயா’ நாள்களுக்குத் தேங்காய் நாடு. தேங்காய்த் துருவலை வெல்லத்திலோ சர்க்கரையிலோ கிளறி உருட்டும் உருண்டைதான், நெய்கூட அதிகம் வேண்டாம், நாள்படத் தாங்கும். இதன் பழமைக்கு நல்ல சான்று ஒன்று உண்டு. கிருஷ்ணதாச கவிராஜரின் சைதன்ய சரிதாமிர்தம், பானிஹாட்டியைச் சேர்ந்த இராகவ பண்டிதரின் சகோதரி தமயந்தி ஆண்டுதோறும் புரியிலிருந்த சைதன்யருக்குத் தயாரித்தனுப்பிய உணவுப் பைகளை விரிவாக வருணிக்கிறது. ஊறுகாய்கள், உலர்த்திய கசப்புச் சணல் கீரை, பொரி வகைகள், தேங்காய் உருண்டைகள், ‘கங்காஜல்’ என்ற பெயருடைய உருண்டைகள். ஆண்டு முழுதும் கெடாமல் இருக்கும்படி செய்யப்பட்டவை அவை. அந்தப் பயணம் மழைக்காலத்துத் தேர்த் திருவிழாவை நோக்கியது, சரத்காலத்தை நோக்கியதன்று. ஆயினும் ஒரு வங்க வீட்டுப்பெண்ணின் சேமிப்பு நுட்பத்துக்கு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைக்கப்பட்ட பட்டியல் அதைவிட நல்லதாக வேறு கிடைப்பது அரிது. பக்தி இலக்கியமாக மட்டும் வாசிக்கப்படும் அந்தப் பகுதியை உணவு வரலாற்றாளர்கள் இன்னும் நெருங்கிப் படிக்க வேண்டும்.

‘கங்காஜல்’ என்ற பெயருக்கு இன்னொரு பயனும் இருந்தது. வங்கப் பெண்கள் தமக்குள் சடங்கு செய்து நட்புப் பூணும் வழக்கம் ஒன்று 19ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது. அத்தகைய தோழிக்குப் பொதுப்பெயர் ‘சோய்’; சகி என்ற சொல்லின் திரிபு. சோய் ஆன இருவரும் ஒரு பொதுப்பெயர் வைத்துக்கொண்டு, வாழ்நாள் முழுதும் ஒருவரை ஒருவர் அப்பெயராலேயே அழைப்பார்கள். கங்காஜல், பகுல்பூ என்பன அப்படிப்பட்ட பெயர்கள். துணியும் இனிப்பும் கைமாறும். 1903இல் நூலான ரவீந்திரநாதரின் ‘சோக்கேர் பாலி’ நாவலின் தலைப்பு, ஆஷாவும் வினோதினியும் தமக்குள் வைத்துக்கொண்ட அத்தகைய நட்புப் பெயர்தான். கண்ணில் விழுந்த மணல் என்பது அதன் பொருள்; கதையும் அப்படித்தான் போகிறது.

வங்கத்தின் நட்பைப் பற்றிக் கல்விப்புலம் பேசும்போது உடனே நினைவுக்கு வருவது ‘அட்டா’. திபேஷ் சக்கரவர்த்தி 1999இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின், திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் காபி ஹவுஸிலும் நடக்கும் அந்த முடிவில்லாப் பேச்சு, நவீனத்துவ ஆய்வின் நிலையான எடுத்துக்காட்டு ஆகிவிட்டது. அது பெரிதும் ஆண்களின் உலகம் என்பதை அவரே குறிப்பிடுகிறார். ஆண்கள் திண்ணையில் அமர்ந்திருந்த அதே பிற்பகலில் உள்முற்றத்திலும் மொட்டைமாடியிலும் குளத்துப் படித்துறையிலும் கூடிய பெண்களுக்கு அத்தகைய கோட்பாட்டுப் பெயர் எதுவும் அமையவில்லை. காரணம் தெளிவு: அவர்களின் கை சும்மா இருந்ததில்லை. காந்தா விரிக்கப்பட்டிருக்கும், தேங்காய் துருவப்படும், வடாம் காயும். பேச்சு நடந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு வேலைதான் தெரியும். பயனற்ற பேச்சு என்பதே அட்டாவின் பெருமை; பயனுள்ள வேலைக்கு நடுவே நடந்த பேச்சு அந்த இலக்கணத்துக்குள் அடங்கவில்லை. 1913இல் பாப்னாவில் சரோஜ் நளினி தத் மகளிர் சமிதியைத் தொடங்கியபோது, அவர் அமைப்பாக்கியது முற்றங்களில் ஏற்கெனவே இருந்துவந்த இந்தக் கூடலைத்தான் என்று கொள்ள இடமுண்டு.

இதுவரை சொன்னவற்றை ஓர் இனிய ஓவியமாக விட்டுவிட்டால் வரலாறு பிழைபடும். சிக்கனத்தை வீட்டில் யார் சுமந்தார் என்ற கேள்வி இருக்கிறது. காய்த்தோலைப் பொரிப்பது, கீரைத்தண்டைக் கூட்டாக்குவது, மீன் தலையையும் முள்ளையும் பசலைக்கீரையோடு கிளறுவது ஆகியவை இன்று வங்கச் சமையலின் நுட்பமாகப் போற்றப்படுகின்றன, போற்றுதலுக்குரியவையும்கூட. ஆனால் அந்த நுட்பத்தின் பெரும்பகுதி, நல்ல துண்டு தம் இலைக்கு வராதென்று அறிந்திருந்தவர்களின் கண்டுபிடிப்பு. மரக்கறிச் சமையலில் வங்கம் பெற்ற தேர்ச்சிக்கு உயர்சாதிக் கைம்பெண்கள்மீது விதிக்கப்பட்ட மீன், வெங்காயம், மசூர்ப்பருப்பு விலக்குகள் ஒரு முக்கியக் காரணம். கிழக்கு வங்கத்தில் வாழ்ந்த ராஸசுந்தரி தேவியின் ‘ஆமார் ஜீபன்’, வங்கப் பெண் ஒருவர் எழுதிய முதல் முழுத் தன்வரலாறாக அறியப்படுவது. நாள் முழுதும் வீட்டாருக்குச் சமைத்துப் பரிமாறியும் தமக்கு ஒருவாய்ச் சோறு கிடைக்காமல் போன நாளை அவர் அதில் எழுதியிருக்கிறார். எழுத்தறிவு விலக்கப்பட்டிருந்த அவர் சைதன்ய பாகவதத்தின் ஓர் ஏட்டைச் சமையலறையில் மறைத்து வைத்துப் படிக்கக் கற்றதும் அதே நூலில்தான் வருகிறது. மீதத்தை வீணாக்காத அந்த அறையில் அவருக்கென்று மீந்தது அந்த ஓர் ஏடு.

1905இல் இந்த அன்றாடம் அரசியலாயிற்று. வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தது அவ்வாண்டு அக்டோபர் 16இல். வங்க நாள்காட்டியில் 1312ஆம் ஆண்டு ஆசுவினம் 30. அன்று யார் வீட்டிலும் அடுப்பெரியக்கூடாது என்று ராமேந்திரசுந்தர் திரிவேதி முன்மொழிந்தார். இராக்கி கட்டும் நிகழ்வுக்கு ரவீந்திரநாதர் அழைப்பு விடுத்தார். அரந்தன் என்ற சொல்லும் வழக்கமும் வீட்டுப் பெண்கள் அறிந்தவை. அடுப்பின் ஓய்வு நாள் நாட்டின் துக்க நாளாக மாற்றப்பட்டது. தேதியின் கூர்மை கவனத்துக்குரியது: விஜயதசமி முடிந்து ஒரு வாரமே ஆகியிருந்த நாள் அது, வீடுவீடாகச் சென்று பெரியோரை வணங்கி இனிப்பு உண்ணும் காலம். தலைவர்கள் வேறு எந்தப் பருவத்தைத் தேர்ந்திருந்தாலும் அணைந்த அடுப்பு இவ்வளவு உரக்கப் பேசியிருக்காது. பருவத்தைக் கர்சன் அரசே தேர்ந்துகொடுத்தது என்பது வேறு விஷயம்.

துணியிலும் அப்படியே. அந்நியப் பொருள் விலக்கத் தீர்மானம் ஆகஸ்டு 7இல் கல்கத்தா டவுன் ஹாலில் நிறைவேறியது. பூசைத் துணி வியாபாரம் சூடுபிடிக்கும் வாரங்கள் அடுத்து வந்தன. மான்செஸ்டர் துணிக்குப் பெரும் விற்பனைக் காலம் அதுவே. தாய் தந்த முரட்டுத் துணியைத் தலைமேல் ஏற்கச் சொல்லும் ரஜனிகாந்த சேனின் பாடல் தெருவெங்கும் ஒலித்தது. முரட்டுத்துணி உடுத்துவது படித்த நடுத்தர வர்க்கத்தின் நாகரிகம் ஆயிற்று. ஆனால் அந்த முரட்டுத்துணி விலை குறைந்ததன்று. பம்பாய் ஆலைகள் இலாபம் ஈட்டின. உள்நாட்டுத் துணி வெளிநாட்டுத் துணியைவிடத் தடிமனாகவும் விலை கூடியதாகவும் இருந்தது. ஏழைக் குடியானவனுக்கு, குறிப்பாகக் கிழக்கு வங்கத்து முஸ்லிம் உழவனுக்கும் சிறு வியாபாரிக்கும், சிக்கனம் என்றால் மலிவான அந்நியத் துணிதான். அதைச் சந்தையில் பறித்து எரித்தவர்கள் சிக்கனத்தை அவனுக்கு உபதேசித்தார்கள். 1906, 1907ஆம் ஆண்டுகளில் மைமன்சிங் பகுதியில் எழுந்த மோதல்களின் பின்னணியில் இந்தக் கட்டாயமும் உண்டு என்பதைச் சுமித் சர்க்காரின் ஆய்வு எடுத்துக்காட்டியுள்ளது. ரவீந்திரநாதர் 1916இல் வெளியான ‘கரே பாய்ரே’ நாவலில் பஞ்சு என்ற ஏழை வியாபாரியைப் படைத்தது இந்தக் கசப்பை மறக்காமல்தான். விரும்பி ஏற்கும் எளிமைக்கும் வேறு வழியின்றி ஏற்கும் எளிமைக்கும் இடையில் உள்ள தூரம் அந்தப் பூசைக் காலத்தில் கடைத்தெருவிலேயே வெளிப்பட்டது.

1943இல் அந்தத் தூரமும் பொருளற்றுப் போயிற்று. அதற்கு முந்தின ஆண்டு, மீண்டும் ஓர் அக்டோபர் 16இல், பூசை நாள்களுக்கு நடுவே மேதினிப்பூர்க் கடற்கரையைப் புயல் தாக்கி நின்ற ஆமன் பயிரை அழித்திருந்தது. போர்க்காலக் கொள்முதல், படகுப் பறிமுதல், பர்மா அரிசி வரவு நின்றது, பதுக்கல், அரசின் மெத்தனம் என்ற காரணங்களும் விகிதங்களும் இன்றும் விவாதத்தில் உள்ளன. மாண்டோர் எண்ணிக்கையை 1945இன் விசாரணை ஆணையம் ஏறத்தாழ 15 இலட்சம் என்றது; பின்வந்த ஆய்வாளர்கள் பலர் 30 இலட்சம் வரை கணித்தனர். இக்கட்டுரைக்கு நெருக்கமான செய்தி ஒன்றே ஒன்று. அந்தச் சரத்காலத்தில் கல்கத்தாத் தெருக்களில் கிராமத்து மக்கள் வீட்டு வாசல்களில் நின்று இரந்தது சோற்றையன்று, ‘ஃபேன்’ கேட்டார்கள். சோறு வடித்த கஞ்சி. வழக்கமான ஆண்டில் அந்த வடிகஞ்சி மாட்டுத் தொட்டிக்குப் போகும்; பருத்திப் புடைவைக்கு விறைப்பேற்றவும் ஆகும். அடுப்பின் மீதம் ஆடையின் மிடுக்காக மாறிய இடம் அது. அந்த மீதமே உயிர்ப்பிச்சையாக மாறியபோது சிக்கனம் என்ற சொல்லுக்கே அங்கு வேலை இல்லாமல் போயிற்று. மீதம் இருக்கும் வரைதான் சிக்கனம் என்பதெல்லாம்.

பஞ்சத்தைத் தொடர்ந்து துணிப்பஞ்சம். உடுக்க ஒன்றும் இல்லாமல் கிராமத்துப் பெண்கள் பகலில் வீட்டுக்குள் அடைந்து கிடந்ததைத் துச்சாதனனை நினைவூட்டும் தலைப்பில் மாணிக் பந்தோபாத்யாய் சிறுகதையாக எழுதினார். அடுக்கித் தைக்கப் பெட்டியடியில் பழந்துணி சேர வேண்டுமானால், முதலில் உடம்பில் ஒன்று இருக்க வேண்டும். காந்தா ஏழைகளின் கலை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது சரியான சொல்லன்று. ஏழைகளிலும் மாற்றுடை வைத்திருந்தவர்களின் கலை அது. மாற்றுடையின்றிப் போனவர்களின் காந்தா எந்தச் சேகரிப்பிலும் இல்லை.

சேகரிப்பு என்பது அதற்குச் சற்று முன்னரே தொடங்கிவிட்டது. ஜசீமுத்தீனின் ‘நக்ஷி காந்தார் மாட்’ காவியம் 1929இல் வெளிவந்து அந்தப் பெயரை வங்கம் முழுதும் பரப்பியது. ஆட்சிப்பணி அதிகாரியான குருசதய் தத், பணிபுரிந்த மாவட்டங்களில் காந்தாக்களைத் திரட்டினார். சரோஜ் நளினியின் கணவர் அவர். அவருடைய சேகரிப்பு கல்கத்தாவின் தெற்கே ஜோகாவில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் காந்தாவைப் பற்றி எழுதிய கட்டுரை, சிதைந்த துண்டுகளை மீண்டும் முழுமையாக்கும் செயலாக அதை விளக்கியது. அவர் திரட்டியவை பின்னர் பிலடெல்பியா அருங்காட்சியகத்துக்குச் சென்றன, 2009இல் பெரிய கண்காட்சியாகவும் அமைந்தன. கிராம்ரிஷின் விளக்கம் அழகானது. பின்வந்தோர் பலரும் அதையே திரும்பச் சொன்னார்கள். ஆனால் முழுமையைப் பற்றிப் பேசும் அந்த வாசிப்பில், துண்டு எங்கிருந்து வந்தது, பூசைக்கு எத்தனை புடைவை வாங்க முடிந்தது, விரிப்பின் மறுமூலையைப் பிடித்த அண்டை வீட்டுக்காரி யார் என்ற கேள்விகளுக்கு இடமில்லை.

அந்தக் கேள்விகளுக்கு எப்போதாவது துணியே விடை தருகிறது. ஜோகாவில் உள்ள புகழ்பெற்ற சுஜனி ஒன்றைத் தைத்தவர் மானதாசுந்தரி தாசி. தம் தந்தைக்காகத் தைத்த அதில் தெய்வங்களோடும் விலங்குகளோடும் ஆங்கிலக் கம்பெனியின் சிப்பாய்களும் வருகிறார்கள். தம் பெயரையும் அவர் நூலாலேயே எழுதியிருக்கிறார். கையெழுத்துள்ள இத்தகைய காந்தாக்கள் மிகச் சில. மற்றவற்றுக்கு அருங்காட்சியகங்கள் ஊரையோ மாவட்டத்தையோ எழுதி, ஆக்கியவர் என்ற இடத்தை வெற்றாக விட்டிருக்கின்றன.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. வீட்டில் தூய்மையாக இருந்த கலையைச் சந்தை பின்னால் வந்து கெடுத்தது என்ற கதை எளிதில் வாய்க்கு வரும். ஆனால் 16, 17ஆம் நூற்றாண்டுகளிலேயே வங்கத்தில் போர்த்துகீசிய வணிகர்களுக்காகப் பருத்தித் துணியில் மஞ்சள் டசர்ப் பட்டு நூலால் பெரிய படுக்கை விரிப்புகள் தைக்கப்பட்டு லிஸ்பனுக்கும் இலண்டனுக்கும் சென்றன. இன்று எஞ்சியிருக்கும் வீட்டுக் காந்தாக்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டவை அல்ல. ஏற்றுமதி விரிப்பு காலத்தால் மூத்த சான்று என்பதால், எது எதிலிருந்து கிளைத்தது என்று அறுதியிடுவது எளிதன்று. வீட்டுக் காந்தா மிஞ்சாததற்கும் காரணம் உண்டு: அது பயன்படுத்தித் தீர்க்கப்பட்டது. கிழிந்த காந்தா இன்னொரு காந்தாவின் உள்ளடுக்கு ஆகும். அதுவும் கிழிந்தால் பாத்திரம் துடைக்கும் துணி.

மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தா 2008இல் புவிசார் குறியீடு பெற்றது. கல்கத்தாவின் துர்கா பூசை 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. போல்பூரைச் சுற்றியுள்ள பீர்பூம் மாவட்டக் கிராமங்களில் ஏராளமான பெண்கள் காந்தாத் தையலால் பிழைக்கிறார்கள். அவர்களில் முஸ்லிம் பெண்கள் கணிசமானோர். இப்போது ஊசி ஏறுவது புது டசர்ப் பட்டில்; நூல் கடையில் வாங்கியது; பூவடிவத்தைப் பெரும்பாலும் வேறொருவர் அச்சிட்டுத் தருகிறார்; கூலி உருப்படிக் கணக்கில். இந்த வருமானத்தால் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள் என்பதை ஏக்கக் கட்டுரைகள் எழுதுவோர் மறக்கக்கூடாது. இன்னொரு பக்கம், ‘பழந்துணிக் காந்தா’ என்ற பெயரில் மெய்யாகவே பழம்புடைவைகளால் ஆன விரிப்புகள் வெளிநாட்டுச் சந்தைகளில் நல்ல விலைக்குப் போகின்றன. அவற்றுக்கான புடைவைகள் ஊர் ஊராகத் திரட்டி வாங்கப்படுபவை. தைப்பவளின் பெட்டியடியில் கிடந்தவை அல்ல. மீதமே விலைக்கு வாங்கும் பொருளாகிவிட்டது.

வீட்டுப் பழம்புடைவை போகும் வழியும் மாறிவிட்டது. செயற்கை இழைப் புடைவை நைவதில்லை, ஊசிக்கு இணங்குவதில்லை. எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பழந்துணி மாற்றும் வியாபாரி வாசலில் நிற்கிறார். ஆயினும் ஒரு வகைக் காந்தா மட்டும் அந்த மூட்டைக்குப் போகாமல் நிற்கிறது. பட்டுப் புடைவைக்கு உருப்படிக் கூலிக்குத் தைக்கும் அதே பெண், தம் வீட்டில் பேறுகாலம் நெருங்கும்போது, மாமியாரின் நைந்த பருத்திப் புடைவையை நான்காகக் கிழித்து அடுக்குகிறார். பூவேலை இல்லை, நேர்க்கோட்டுத் தையல் மட்டும். பக்கத்து வீட்டுக்காரி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறாள்.